உலர்பூ ரீத் பெட்டி: முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: ஒரு வாடிக்கையாளர், ராயபுரம், சென்னை 600013
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ரூ. 1,450 கொடுத்து வாங்கிய ரீத் செய்யும் பெட்டியில் பூஞ்சை பிடித்த பூக்களும், விளம்பரத்தில் சொல்லாத தெர்மாகோல் வளையமும் இருந்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கிறிஸ்துமஸுக்கு வாசல் கதவில் மாட்ட நாமே ஒரு ரீத் (பூ, இலை, காய் வைத்துச் செய்யும் அலங்கார வளையம்) செய்யலாம் என்று உங்கள் தளத்தில் இந்தப் பெட்டியை வாங்கினேன். பாரிமுனைப் பக்கம் போனால் பிளாஸ்டிக் ரீத் வேண்டிய மட்டும் கிடைக்கும், விலையும் இதில் கால்வாசி கூட இருக்காது. அது வேண்டாம் என்றுதான் உங்களிடம் வந்தேன். முழுக்க இயற்கைப் பொருட்கள், கொடியில் பின்னிய வளையம், நன்றாக உலர்த்திய பூக்கள் என்று நீங்கள் போட்டிருந்த விளம்பரத்தின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பில்லும் ஆர்டர் விவரமும் அதனுடனேயே இருக்கின்றன.

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். மழைக்காலத்தில் காயாத துணியை மடித்து வைத்தால் வருமே, அதே வாடை. ரோஜாவும் சாமந்தியும் ஒட்டி மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. இதழ்கள் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன, ஆனால் காம்பு சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. சாமந்தியைப் பிட்டுப் பார்த்தால் நடுப்பகுதி இன்னும் ஈரமாகவே இருந்தது.

பூ உலர்த்துவது எனக்குப் புதிதல்ல, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். வாடாமல்லி மாதிரி பூக்கள் பறிக்கும்போதே காகிதம் போல் இருக்கும். கொத்தாகக் கட்டி, வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் நிறம் பெரிதாக மங்காமல் காய்ந்துவிடும். ரோஜா, சாமந்தி அப்படியல்ல. இதழ் சீக்கிரம் காய்ந்துவிடும், அடிப்பகுதி காய நாளாகும். அவசரப்பட்டு உறைக்குள் போட்டு மூடினால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் புதைத்து முழுக்க உலர்த்தியிருக்கலாம். குறைந்தபட்சம் அந்த உறைக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமாவது போட்டிருக்கலாம். எதுவுமே இல்லை.

யூகலிப்டஸ் இலை என்று இருந்தது பச்சைச் சாயம் ஏற்றிய துணி. ஈரக் கை பட்டதும் சாயம் விரலில் ஒட்டிக்கொண்டது. பைன் காய்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. வந்த அன்று விரிந்திருந்தவை மழை நாளில் மூடிக்கொண்டன, ஈரக் காற்றுக்கு அவை அப்படித்தான் செய்யும். தாமரைக் காய்களும் நன்றாகவே இருந்தன.

அடுத்தது வளையம். மேலே சணல் கயிறு சுற்றியிருந்ததால் உள்ளே கொடி இருக்கிறது என்று நம்பினேன். உங்கள் வழிமுறைத் தாளில் சொல்லியிருப்பது போல, நீங்கள் கொடுத்த பசைக் குச்சியை பசையைச் சூடாக்கி உருக்கித் தரும் என் குளூ கன்னில் போட்டு, தாமரைக் காயை ஒட்டப் போனேன். பசை பட்ட இடம் அப்படியே உள்ளே போய்விட்டது. கயிற்றைப் பிரித்துப் பார்த்தால் தெர்மாகோல். சூடு அதிகமாக வைக்கும் குளூ கன்னில் பசை ஏறக்குறைய 190 டிகிரியில் வரும். தெர்மாகோலோ 100 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். வளையத்தை ஒருவர், வழிமுறையை வேறொருவர், இருவரும் பேசிக்கொள்ளாமலே தயாரித்தது போல் இருக்கிறது. உருகும் தெர்மாகோல் புகையைக் குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து சுவாசித்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா? பெட்டியின் மேல் குடும்பத்தோடு செய்து மகிழுங்கள் என்று வேறு அச்சிட்டிருக்கிறீர்கள்.

இவ்வளவும் படங்களோடு எழுதியதற்கு உங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய பதில்தான் என்னை இந்தக் கடிதம் வரை கொண்டுவந்தது. "நீங்கள் இருப்பது கடலோரப் பகுதி, அங்குள்ள ஈரப்பதத்தால் பூஞ்சை வந்திருக்கும். திறந்த பெட்டியைத் திரும்பப் பெற இயலாது" என்கிறார்கள். காசிமேட்டுக் கடல் காற்று எங்கள் வீட்டுக்குள் வரும், உண்மைதான். அதே வீட்டில், அதே ஜன்னல் பக்கத்தில், நானே உலர்த்திய வாடாமல்லிக் கொத்து போன மழைக்காலத்தையும் தாண்டி இன்னும் தொங்குகிறது. அதில் ஒரு புள்ளி பூஞ்சை கிடையாது. மேலும், வந்த அன்றே மூடிய உறைக்குள் பூஞ்சை இருந்ததைத்தான் படம் எடுத்து அனுப்பினேன். மூடிய உறைக்குள் எங்கள் ஊர்க் காற்று எப்படிப் போகும்? ஆர்டர் எடுக்கும்போது பின்கோடு கேட்டீர்களே, அப்போது கடல் பக்கத்தில் இருப்பது தெரியவில்லையா? அப்புறம், பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது என்றும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ குறையுள்ள பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020 சொல்கின்றன. திறந்த பெட்டி என்று நீங்கள் போட்டிருக்கும் நிபந்தனை இதற்கு மேல் நிற்காது. புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. பெட்டியில் தயாரிப்பாளரின் முகவரியோ, தயாரித்த மாதமும் வருடமுமோ இல்லாததைத் தனியாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ரூ. 1,450 முழுவதையும், பணம் செலுத்திய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். வேறு பெட்டி வேண்டாம், தள்ளுபடிக் கூப்பனும் வேண்டாம். விளம்பரத்தில் இருக்கும் கொடி வளையம், இயற்கை இலை என்ற வரிகளை நீக்குங்கள். இதே வளையத்தைத்தான் தொடர்ந்து விற்கப் போகிறீர்கள் என்றால், குளூ கன் பயன்படுத்தச் சொல்லும் பகுதியை இன்றே எடுத்துவிட்டு, பூவைக் கம்பியால் கட்டவோ ஊசியால் குத்தவோ சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இதைத் தெரிவியுங்கள். பணத்தை விட இது எனக்கு அவசரமாகப் படுகிறது.

ஒரு மாதத்துக்குள் தீர்வு இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் சரியான பதில் வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

அம்மாவுக்கு வீசிங் இருப்பதால் பெட்டியை வீட்டுக்குள் வைக்காமல், கவரில் கட்டி மொட்டை மாடி அறையில் வைத்திருக்கிறேன். எடுத்துப் போக ஆள் அனுப்புவதாக இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் அனுப்புங்கள். பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான் இருப்பார், அவரால் மாடி ஏற முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
ராயபுரம்

இணைப்பு: பில், விளம்பரத்தின் படம், பூக்கள் மற்றும் வளையத்தின் படங்கள், உங்கள் சேவைப் பிரிவின் பதில்