பழைய ஃபைல எரிக்காதீங்க, தண்ணி சுத்தம் பண்ற காசு அதுல இருக்கலாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நம்ம இலங்கை மலைநாட்டுல மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல 1971ல சின்ன கிளாக்கரா சேந்து பெரிய கிளாக்கரா ரிட்டயர் ஆன ஆளு நான். எங்க ஸ்டோருக்கு, அதான் தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால மண்ணுக்குள்ள ஒரு எண்ணெய் டேங்க் கெடக்கு. டிரையருக்கு ஃபர்னஸ் ஆயில் ஊத்துன காலத்து டேங்க், எண்ணெய் வெல ஏறுனதும் வெறகுக்கு மாறிட்டாங்க, டேங்க அப்டியே விட்டுட்டாங்க, இப்ப மேல மானாப்புல்லு. ரெண்டு நாள் விடாம மழை பேஞ்சா பணிய லயத்துல, அதான் கீழ இருக்கிற தொழிலாளிங்க வீட்டு வரிசையில, பீலிக் குழாய்த் தண்ணியில மயில் கழுத்துக் கலர்ல படலம் மிதக்கும். குடத்துல புடிச்சு வச்சா கழுத்தோரத்துல கருப்பா ஒரு வளையம் ஒட்டிக்கும், சவக்காரம் போட்டு தேய்ச்சாலும் லேசுல போவாது.

யாருகிட்ட போயி கேக்குறது? தோட்டத்துல கேட்டா அது எங்க காலத்துக்கு முந்திங்கிறாங்க. வாஸ்தவந்தான், வெள்ளக்காரன் கம்பெனிகிட்ட இருந்து 1975ல அரசாங்கம் எடுத்துச்சு, 1992ல திரும்ப கம்பெனிங்ககிட்ட நிர்வாகத்த குடுத்துச்சு, கை மாற மாற டேங்க் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாம போச்சு. பிரதேச சபை தோட்டத்துக்குள்ள வேலை செய்யலாம்னு 2018ல சட்டத்த திருத்துனாங்களே, அங்க போனா காசு இல்லேங்கிறாங்க.

இந்த கடுதாசி எழுத காரணம் என் தங்கச்சி மகன். அவன் அமெரிக்காவில மண்ணு டெஸ்ட் பண்ற எடத்துல வேலை செய்றான், போன்ல பேசிக்கிட்டு இருக்கையில டேங்க் கதைய சொன்னேன், ஒடனே "மாமா, அந்த காலத்து இன்சூரன்ஸ் பேப்பர் இருக்கா"னு கேட்டான். எனக்கு சிரிப்பு வந்துருச்சு, அம்பது வருஷத்துக்கு முந்தி முடிஞ்ச பாலிசிய வச்சு என்னடா பண்றதுன்னேன். அவன் சொன்னத கேட்டப்புறம் சிரிக்கல.

அங்க துணி டிரை கிளீனிங் பண்ற கடைங்க, சின்ன ஃபேக்டரிங்க எல்லாம் இப்டித்தான் மண்ணையும் கெணத்தையும் கெடுத்து வச்சிருக்கு. 1980ல சூப்பர்ஃபண்ட்னு ஒரு சட்டம் வந்து, எப்ப கெடுத்திருந்தாலும் நீதான் சுத்தம் பண்ணணும்னு கழுத்த புடிச்சிருச்சு. (நம்ம தேசிய சுற்றாடல் சட்டமும் அதே 1980தான், நம்மது யாரு கழுத்தையும் அவ்வளவா புடிச்சதில்ல.) கடக்காரனுக்கு ஏது அவ்வளவு காசு? அப்பதான் வக்கீல்மாரு பழைய பொது பொறுப்பு பாலிசிகள, அதாவது அடுத்தவனுக்கு நஷ்டம் வந்தா கட்டுறதுக்கு எடுத்த இன்சூரன்ஸ, தோண்ட ஆரம்பிச்சாங்க. அதுல சூட்சுமம் என்னன்னா, அந்த பாலிசிங்க எழுதுன விதப்படி எந்த வருஷம் சேதம் நடந்துச்சோ அந்த வருஷத்து பாலிசிதான் பொறுப்பு, கேஸ் நாப்பது வருஷம் கழிச்சு வந்தாலும் சரி. 1973 வாக்குல இன்சூரன்ஸ்காரங்க உஷாராகி திடீர்னு நடந்த விபத்துன்னாத்தான் தருவோம்னு எழுதுனாங்க, 1986ல அசுத்தம்னாலே கெடையாதுன்னு கதவ சாத்திட்டாங்க. அதனால பாலிசி எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது, சாராயம் மாதிரின்னான் மருமகன். லண்டன்ல பெரிய இன்சூரன்ஸ் சந்தையான லாயிட்ஸே இந்த மாதிரி பழைய கிளெய்முங்கள்ல ஆடிப்போயி, 1992 வரைக்கும் உள்ள பழைய கடனுக்கெல்லாம் ஈக்விடாஸ்னு தனியா ஒரு கம்பெனி 1996ல தொறக்க வேண்டியதா போச்சு.

எல்லா பாலிசியும் ஒதவாது. ஸ்டோர் எரிஞ்சா குடுக்குற தீ பாலிசி இதுக்கு ஆவாது, அடுத்தவனுக்கு ஏற்படுற நஷ்டத்துக்கு எடுத்த பாலிசிதான் வேணும். எண்ணெய் சொந்தக் காணிக்குள்ளயே நின்னா தர மாட்டேன்னு மல்லுக்கட்டுவாங்களாம், தண்ணியோட எறங்கி வெளிய போனாத்தான் கேஸ் நிக்கும். எங்க பீலித் தண்ணி வழிஞ்சு மஸ்கெலியா ஓயாவுக்குத்தான் போவுது, அது களனி கங்கைக்கு, கொழும்புல குடிக்கிறதும் அந்த தண்ணிதான்.

அமெரிக்காக்காரன் சட்டம் இங்க செல்லாதுங்க, தெரியும். ஆனா கெடுத்தவன் கட்டணுங்கிறத நம்ம கோர்ட்டும் சொல்லியிருக்கு, யாழ்ப்பாணப் பக்கம் சுன்னாகத்துல கெணத்துத் தண்ணியில எண்ணெய் கலந்த கேஸ்ல 2019ல சுப்ரீம் கோர்ட் 2 கோடி ரூபா கட்ட சொல்லுச்சே. கட்ட வேண்டியவனுக்கு பின்னால ஒரு இன்சூரன்ஸ் நிக்குதானு பாக்கவாவது வேணாமா? 1962ல ஆரம்பிச்ச அரசாங்க இன்சூரன்ஸ் கூட்டுத்தாபனம் பேரு கொஞ்சம் மாறி இன்னும் இருக்கு, லண்டன் கம்பெனிங்க ஒன்னோட ஒன்னு சேந்து பேரு மாறி இன்னும் நடக்குது. கேட்டுப் பாக்குறதுக்கு மொதல்ல பேப்பர் வேணும்.

அந்த பேப்பர்தான் ஐயா வயித்தெரிச்சல். 1992ல கை மாறுற சமயம் ஆபீஸுக்குப் பின்னால மூணு நாள் எரிச்சோம். கொழுந்துக் கூடையில அள்ளி அள்ளி கொண்டுபோயி கொட்டுனதுல நானும் ஒருத்தன். செக்ரோல்னு சொல்ற சம்பளப் பதிவு, லெட்ஜர், பச்சை நூல் கோத்து அரக்கு சீல் வச்ச பெரிய பெரிய பேப்பருங்க, அரக்கு உருகி சாம்பல்ல செவப்பா ஓடுனது இன்னும் கண்ணுல நிக்குது. அதுல எது பாலிசியோ, எது வெறும் லெட்டரோ, யாரு பாத்தா.

எல்லா தோட்டத்துலயும் எரிச்சிருக்க மாட்டாங்க. அலுமாரிக்கு மேல, டீமேக்கர் காம்பராவுல, கொழும்புல ஏஜென்சி ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல எங்கயாவது கெடக்கும். பாலிசியே கெடைக்கணும்னு இல்ல, பிரீமியம் கட்டுன ரசீது, லெட்ஜர்ல ஒரு வரி, புரோக்கர் எழுதுன கடுதாசி இருந்தாலே அமெரிக்காவில நூல் புடிச்சு போயிருக்காங்க. இப்ப ஆபீஸ கம்ப்யூட்டராக்குறோம்னு பழசெல்லாம் எடைக்குப் போடுற தொரைமாரு, அதுக்கு முந்தி இன்சூரன்ஸ்னு எழுதுன ஃபைல மட்டும் ஒதுக்கி வைங்க. தோட்டத் தொழிற்சங்கங்களும் சம்பளம் பேசுற மேசையில இதையும் ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சு போவாது.

எங்கிட்ட ஒன்னே ஒன்னு தப்பிச்சு கெடக்கு. சின்ன மகன் ஸ்டாம்ப் சேக்குறானேனு எரிக்கிற குமியல்ல இருந்து ராணி தலை ஸ்டாம்ப் ஒட்டுன காக்கிக் கவர் ஒன்ன எடுத்துட்டு வந்தேன். மூலையில ஒரு லண்டன் இன்சூரன்ஸ் ஆபீஸ் பேரு அச்சடிச்சிருக்கு, பின்னால யாரோ பென்சில்ல ஒரு நம்பர் எழுதி வச்சிருக்காங்க. உள்ள ஒன்னும் இல்ல. தோட்டத்துல இருந்து யாராவது கேட்டு வந்தா குடுக்குறேன், ஸ்டாம்ப மட்டும் மகன் கிழிச்சு எடுத்துட்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட கிளாக்கர்,
மஸ்கெலியா.