பெரட்டு நேரம் தெரிந்த மிஸ்ஸிகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புமிக்க மிஸ்ஸிகளுக்கு, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்கும் அவற்றை ஒட்டிய தாமான் குடியிருப்புகளுக்கும் வந்துபோகும் சமூகத் தாதியர்கள், கிளினிக்கின் தாய்சேய்ப் பிரிவில் இருப்பவர்கள், காசநோய் மருந்தைக் கண்முன்னே விழுங்க வைப்பவர்கள், இனிப்புநீர் எனும் நீரிழிவால் வந்த புண்ணுக்குக் கட்டுப் போடுபவர்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறோம். எழுதும் நாங்கள், தோட்ட ஆஸ்பத்திரிகளிலும் அரசாங்கக் கிளினிக்குகளிலும் டிரஸ்ஸர் எனும் மருத்துவ உதவியாளராகவும் மருந்தாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மே 12 அனைத்துலகத் தாதியர் தினம். 1820இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். அன்றைக்கு மேடைகளில் தியாகம், தொண்டு என்ற சொற்கள் நிறைய வரும். மனதாரச் சொல்வதுதான். ஆனாலும் வேலை தெரிந்தவர்கள் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் அது குறை. எதை எப்படிச் செய்தீர்கள் என்று எடுத்துச் சொல்லி நன்றி கூறுவதே உங்கள் கைத்திறனுக்கு நாங்கள் செய்யும் மரியாதை.

சுகாதார அமைச்சின் வழிகாட்டி கோலாலம்பூருக்கும் தோட்டத்துக்கும் ஒன்றுதான். அது தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் எந்த இடத்தில் தடுக்கி நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் நன்றி முதலில் அதற்கு.

காசநோயை எடுத்துக்கொள்வோம். சாதாரண நுரையீரல் காசநோய்க்கு 6 மாத மருந்து. முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால் என நான்கு. அடுத்த 4 மாதம் முதலிரண்டு மட்டும். நோயாளி மருந்தை விழுங்குவதை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. கிளினிக் காலை 8 மணிக்குத் திறக்கும். ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுபவருக்கு அந்நேரம் வேலை பாதி முடிந்திருக்கும். தினமும் கிளினிக்குக்கு வரச் சொன்னால் அன்றாடச் சம்பளம் போகும், சில வாரங்களில் ஆள் வருவதையே நிறுத்திவிடுவார். அதனால் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே மருந்து கொடுக்கத் தோட்டத்திலேயே நம்பகமான ஒருவரைப் பழக்கினீர்கள். அவர் அட்டையில் ஒவ்வொரு நாளும் குறிக்க வேண்டும். நீங்கள் வந்து மீதி மாத்திரையை எண்ணி அட்டையோடு ஒப்பிடுவீர்கள். கொடுக்கும் இடம் பெரட்டுக் களத்தில் எல்லார் கண்ணிலும் படாமல் ஒதுக்குப்புறமாக இருக்கட்டும் என்று சொன்னதும் நீங்களே.

இந்தச் சிகிச்சை பெரும்பாலும் குலைவது இரண்டாம் மாதம் முடியும் தறுவாயில்தான். இருமல் அடங்கும், உடம்பு தேறும், சாப்பாடு இறங்கும். இனி எதற்கு மாத்திரை என்று தோன்றும். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி அப்போது மருந்துக்குப் பழகிக்கொண்டால், அடுத்த சிகிச்சை இன்னும் நீளும், கடுமையாகும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசினால்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போனால் அது எத்தாம்பியூட்டாலின் வேலை, உடனே வரவேண்டும் என்கிறீர்கள். கண் மஞ்சளித்தால், வாந்தி நிற்காவிட்டால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே கிளினிக் வரச் சொல்கிறீர்கள். சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிப்பவரிடம் திட்டாமல் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். திட்டினால் அடுத்த முறை பொய் சொல்வார், ஈரல் கெடுவது யாருக்கும் தெரியாமல் போகும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு ரிஃபாம்பிசின் அதன் பலனைக் குறைத்துவிடும் என்பதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதையும் நாங்கள் கவனித்திருக்கிறோம். மருந்துச்சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவர்களுக்குக்கூடத் தவறிவிடக்கூடிய விஷயம் அது.

கர்ப்பிணிகளிடம் வருவோம். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் அடுத்த மாதம் எண் ஏறவில்லை. அப்போது நீங்கள் கேட்கும் கேள்வி: "எதோட போடுறீங்க?" பதில் பல வீடுகளில் ஒன்றுதான்: காலையில் பசியாறும்போது, தேத்தண்ணியோடு. தேயிலையில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பாலும் கால்சியம் மாத்திரையும் அதன் வழியை மறிக்கும். இரும்பு மாத்திரையை இரவில் கொய்யாவோ ஆரஞ்சோ தின்றுவிட்டுப் போடச் சொல்கிறீர்கள். கால்சியத்தை வேறு வேளைக்கு மாற்றுகிறீர்கள். தேத்தண்ணிக்கும் மாத்திரைக்கும் 2 மணி நேரம் இடைவெளி. மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறீர்கள். அப்படியும் ஏறாவிட்டால் பரம்பரை இரத்தக் கோளாறான தலசீமியா உண்டா என்று பார்க்க இரத்தம் அனுப்புகிறீர்கள். மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவது சுலபம். காரணத்தைத் தேடுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

இனிப்புநீர்ச் சோதனையிலும் இப்படித்தான். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். அதற்கு முன் குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிறு. குடித்தபின் 2 மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5.1 மில்லிமோல், இரண்டு மணி நேரத்தில் 7.8, இரண்டில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகால நீரிழிவு. "பசியாறல மிஸ்ஸி, தேத்தண்ணி மட்டுந்தான் குடிச்சேன்" என்று வருபவரை அன்று சோதிக்காமல் இன்னொரு நாள் வரச் சொல்ல உங்களுக்கும் மனம் கஷ்டப்படும். ஆனால் தப்பான எண்ணை, கர்ப்பிணியின் சோதனைகளைக் குறிக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் எழுதுவது அதைவிடக் கெடுதல்.

அந்தப் புத்தகத்தின் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு ஒட்டுகளைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. வெள்ளை என்றால் ஆபத்து குறைவு, தாதியரே தொடர்ந்து பார்க்கலாம். பச்சையில் டாக்டரும் சேர்ந்துகொள்வார். மஞ்சள் என்றால் நிபுணர் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி: இரத்தப்போக்கு, வலிப்பு போன்றவை. தோட்டத்தின் உள்பகுதியிலிருந்து பெரிய சாலைக்கு வருவதே ஒரு பாடு. அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மஞ்சள் ஒட்டு விழுந்த அன்றே, இரவில் வலி கண்டால் யார் வண்டி, யார் ஓட்டுவார், மற்ற பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறீர்கள். அந்தக் குறிப்பு எத்தனை வீடுகளில் பயன்பட்டிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

2018இல் உலகச் சுகாதார நிறுவனம், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று மலேசியாவுக்குச் சான்று வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இதைப் பெற்ற முதல் நாடு நம்முடையது. செய்தியில் அமைச்சின் பெயர் வந்தது, சரிதான். ஆனால் அந்தச் சான்று, கர்ப்பிணி முதல்முறை வரும்போதே எடுக்கப்படும் இரத்தத்தில் தொடங்குகிறது. 1998 முதல் நாடு முழுவதும் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யப்படுகிறது. தோட்டத்தில் ஒருவர் வீட்டுச் செய்தி மாலைக்குள் பத்து வீட்டுக்குப் போய்விடும். முடிவைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வதும், கணவரையும் சோதனைக்கு வரச் சம்மதிக்க வைப்பதும், கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் ஒன்றும் தெரியாதவர் போலக் கடந்துபோவதும் இல்லாமல் அந்த எண்கள் இறங்கியிருக்காது.

பிரசவத்துக்குப் பிந்திய வீட்டு வருகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே உங்கள் கண்தான் கருவி. லயத்து வீட்டின் உள்ளறை இருட்டு. குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, நெற்றியையும் நெஞ்செலும்பையும் விரலால் அழுத்தி எடுத்துப் பார்ப்பீர்கள். கறுத்த தோலில் மஞ்சள் காமாலை எளிதில் தெரியாது, அதனால் ஈறையும் கண்ணின் வெண்மையையும் பார்ப்பீர்கள். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் காத்திருக்கவே கூடாது. மஞ்சள் காலுக்கு இறங்கினாலும் உடனே இரத்தச் சோதனை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தை என்றால் துணி அலமாரியைத் திறக்கச் சொல்லி நாப்தலீன் பூச்சி உருண்டையை எடுத்து வீசச் சொல்கிறீர்கள், ஏனெனில் அந்த வாடையே இரத்த அணுக்களை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும். காலை வெயிலில் காட்டினால் போதும் என்பார் பாட்டி. வெயில் மஞ்சளுக்கு மருந்தாகாது, குழந்தையின் உடம்பு நீரை வற்றவைக்கும் என்பதை நீங்கள் முதலில் பாட்டியிடம்தான் சொல்கிறீர்கள், மருமகளிடம் இல்லை. வீட்டில் யார் சொல்லுக்கு மதிப்பு என்று தெரிந்து பேசுவது எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கிடைக்காது. ஓமத்தண்ணீர், தேன், வசம்பு எதுவும் வேண்டாம், 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதையும் அவர் மனம் கோணாமல் சொல்லிவிடுகிறீர்கள். அதே நேரத்தில் தாய்க்குப் பத்தியச் சாப்பாடு போதுமா, கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமோ வலியோ உண்டா, தலைவலியோடு கண் மங்குகிறதா, ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைகிறதா என்று பார்க்கிறீர்கள். பிள்ளை பெற்றவள் அறையைவிட்டு எழக் கூடாது என்று படுக்கவைக்கும் வீடுகளில் காலில் இரத்தம் உறைவதற்கு வாய்ப்பு கூடும். சாங்கியத்தைக் குறை சொல்லாமலேயே, அறைக்குள் நடக்கச் சொல்லி முடித்துவிடுகிறீர்கள்.

தடுப்பூசிப் பெட்டி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெப்பம் கெடுக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். உறைவதும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஆறு நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி மருந்து ஒருமுறை உறைந்தால் பலன் போய்விடும். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராகப் பெட்டியில் வைக்காமல், குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை வெளியே வைக்கிறீர்கள். கரைத்த எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) மருந்தை 6 மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை. யாரும் பாராட்டாத இந்தச் சில நிமிடக் காத்திருப்புக்கு எங்கள் தனி நன்றி. 2019 டிசம்பரில் சபாவில் போலியோ திரும்ப வந்தது, 27 ஆண்டுகளுக்குப் பிறகு. தோட்டம் மாறிப்போன குடும்பத்தின் புதுத் தொலைபேசி எண்ணைத் தேடி அலைவது ஏன் என்று கேட்பவர்களுக்கு அது ஒன்றே போதும்.

டெங்கியில், காய்ச்சல் இறங்குவதுதான் ஆபத்தின் தொடக்கம் என்று புரியவைத்தீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் தணியலாம். தணிந்ததும் வேலைக்குக் கிளம்புபவரை நிறுத்தி, வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதி இருக்கிறதா என்று கேட்டு இரத்தச் சோதனைக்கு அனுப்புகிறீர்கள். வெட்டாமல் விட்ட பால்மரங்களில் பால் வடியும் மங்குகளைக் கவிழ்த்துவைக்கச் சொல்லி மேற்பார்வையாளரான மண்டோரிடம் விடாமல் பேசியதும் நீங்கள்தான். மழைநீர் நின்ற மங்கில் முட்டை கொசுவாவதற்கு 7 முதல் 10 நாள் போதும்.

இனிப்புநீர் நம் சமூகத்தில் மற்ற இனத்தாரைவிட அதிகம். இன்சுலின் பேனாவை மோட்டார் கூடையில் வெயிலில் வைத்தால் மருந்து செத்துவிடும், பிரிட்ஜின் உறைபெட்டியில் ஒட்டினாலும் அப்படியே. ஒரே இடத்தில் குத்திக்குத்திக் கட்டியான வயிற்றில் மருந்து சரியாக ஏறாது. சர்க்கரை அளவு ஏன் இறங்கவில்லை என்பதை நீங்கள் வயிற்றைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறீர்கள். பாதத்தில் 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிழை வைத்துத் தொட்டு, உணர்வு போன இடத்தைக் குறிக்கிறீர்கள். பூட்ஸைப் போடுமுன் தலைகீழாகத் தட்டச் சொல்கிறீர்கள். இரத்தச் சோதனை நாளில் பசியாறாமல் வரும்போது மாத்திரையும் இன்சுலினும் போடாமல் வரவேண்டும், கையில் ரொட்டி இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்கிறீர்கள். தலை சுற்றி வியர்த்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இது இன்று தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கிறதென்றால் அது உங்களால்தான்.

ஊர்மக்களிடமும் சில சொல். மிஸ்ஸி வரும் நாளில் நாயைக் கட்டிப்போடுங்கள். தொலைபேசி எண் மாறினால் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். இளஞ்சிவப்புப் புத்தகம் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாதீர்கள். நன்றி சொல்ல நினைத்தால் பொன்னாடையோடு நிறுத்தாமல், அவர் அனுமதியோடு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்த வேலை, எந்த மாதம், அதனால் என்ன ஆனது என்று. சிறந்த சேவைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் மேலதிகாரியின் கையில் பிடிப்பாக ஏதாவது இருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் மாத ஊசியோடு நின்றுபோன பிள்ளை வீட்டில் இருந்தால், 15ஆவது, 18ஆவது மாத ஊசிகள் இன்னும் பாக்கி. இந்த வாரமே கூட்டிப்போங்கள். தாமதமானதற்காக முதலிலிருந்து போடமாட்டார்கள். விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குவார்கள்.

நன்றியுடன்,
சுங்கை சிப்புட் வட்டார முன்னாள் தோட்ட, கிளினிக் பணியாளர்கள்