பெட்டியோடு வரும் முள் நம் மீனுக்குப் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா மாவட்டங்களில் லூர் எனும் செயற்கை இரையைக் கட்டி வீசும் தூண்டில் பழக்கம் பரவி வருவதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். நல்ல லூரும் சரியான நிறமும் இருந்தால் மீன் ஏறிவிடும் என்பதுபோல் அது முடிந்திருந்தது. அதில்தான் எங்களுக்கு உடன்பாடில்லை. கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் லூர்களில் பெரும்பாலானவை அமெரிக்க பாஸ் மீனை மனத்தில் வைத்தோ, தாய்லாந்து, மலேசியாவின் பெரிய விரால் வகையான தோமானுக்காகவோ செய்தவை. நம் வாய்க்காலில் அகப்படும் விரால் பெரும்பாலும் அரைக் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரைதான். கழிமுகத்துக் கொடுவாவோ பாஸுக்குப் போட்ட தூண்டில் முள்ளை நிமிர்த்திவிட்டுப் போய்விடும். ஒரு மீனுக்குப் பெரிதாகவும் இன்னொரு மீனுக்குச் சோனியாகவும் இருக்கும் சாமானை வாங்கிவிட்டு, நிறத்தை மாற்றி மாற்றி வீசுவதில் கடைக்காரருக்குத்தான் லாபம். வாங்கியதை நம் மீனுக்கும் நம் தண்ணீருக்கும் ஏற்பத் திருத்திக்கொள்ள ஒரு குறடு, கொஞ்சம் ஈயம், ஒரு வாளித் தண்ணீர் போதும்.

விராலுக்குத் தவளை லூர் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தவளை என்பதில்தான் கோளாறு. 6, 7 செ.மீ. உடலும் 4/0, 5/0 அளவு (முன் எண் கூடினால் முள் பெரிது) இரட்டை முள்ளும் உள்ளது தோமானுக்கு. நம் விராலுக்கு 4 முதல் 5 செ.மீ. உடல், 7 முதல் 10 கிராம் எடை, 1/0 அல்லது 2/0 முள் என்று பாருங்கள். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். தவளையின் முதுகிலும் வயிற்றிலும் விரல் வைத்து அமுக்குங்கள். இரண்டு முள் நுனியும் முதுகுக்கு மேல் 3, 4 மி.மீ. ஆவது வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த ரப்பர் கெட்டி. விரால் நன்றாகவே கவ்வும், ஆனால் முள் வாயைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அப்படிப்பட்டதை வெந்நீரில் போட்டு மென்மையாக்கலாம் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். ஆறியதும் பழையபடி இறுகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் குறடால் இரண்டு நுனிகளையும் வெளிப்பக்கமாக 2 மி.மீ. விரித்துவிடுங்கள். அதற்கு மேல் விரித்தால் ஆகாயத்தாமரைத் தண்டை வாரிக்கொண்டு வரும். பின்னால் தொங்கும் ரப்பர் இழைகளை 3 செ.மீ. அளவுக்கு வெட்டுங்கள். நீளமாக விட்டால் மீன் இழையை மட்டும் பிடித்து இழுத்துவிட்டுப் போகும். இழை குட்டையானால் தவளை இடமும் வலமுமாகத் தலையாட்டி நடப்பதும் எளிதாகும். தவளை தலைகுப்புற மிதக்கிறதா? பின்பக்க ஓட்டை வழியாக 1 கிராம் ஈயக்குண்டு ஒன்றை உள்ளே தள்ளுங்கள். வால் தாழ்ந்து, மூக்கு நிமிர்ந்து நிற்கும். வீச்சும் நாலைந்து அடி கூடுதலாகப் போகும்.

வெற்று உடல் தவளை எதுவானாலும் நீர் குடிக்கும். மூக்கில் கம்பி நுழையும் இடத்தில் சிலிக்கான் பசை ஒரு பொட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பின்பக்கத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள். மீன் கவ்வும்போது காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் உடல் அமுங்காது, முள்ளும் வெளிவராது. நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை பிழிந்து நீரை வெளியேற்றிக்கொண்டால் போதும். மிதக்கட்டும் என்று உள்ளே நெட்டித் துண்டைத் திணிக்கிறவர்கள் உண்டு. நெட்டி தஞ்சாவூர்க் கைவினைஞர் கையில் கோயில் கோபுரமாவதற்குத்தான் சரி. தண்ணீரில் ஊறிப் பாரமேறிவிடும். பழைய ரப்பர் செருப்பிலிருந்து சுண்டுவிரல் நகமளவு வெட்டிப் போடுங்கள், அது ஊறாது.

தூண்டில் நரம்பு 30 பவுண்டு இழுவைக்குக் குறையாத பின்னல் நரம்பாக இருக்கட்டும். லூருக்கு முன்னால் கட்டும் லீடர் எனும் தனித் துண்டு நரம்பு தேவையில்லை, நேரே கட்டலாம். தங்கூசி எனும் ஒற்றையிழை நைலான் நரம்பு நீண்டு கொடுக்கும். பாசிக்கும் தாமரைத் தண்டுக்கும் நடுவில் 15 மீட்டர் தள்ளி இருக்கும் மீனின் கெட்டி அண்ணத்தில் முள் ஏற அந்த நெகிழ்வு இடம் தராது. தண்ணீர் வெடித்த சத்தம் கேட்டவுடனே வெட்டி இழுப்பதுதான் பலர் விராலை இழக்கும் முதற்காரணம். முதல் மோதலில் தவளை பாதிதான் வாய்க்குள் போயிருக்கும். தவளை மறைந்து, நரம்பு பக்கவாட்டில் நகரத் தொடங்கிய பிறகு ஓங்கி இழுங்கள். தெப்பமாகக் கிடக்கும் இலைகளின் மேல் நிறுத்தாமல் கொண்டுவந்து, இடைவெளியில் 3 முதல் 5 வினாடி நிறுத்துவது வழக்கம். விரால் மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டிய மீன். குமிழி விட்ட இடத்தை ஒட்டிய இடைவெளியே முதலில் வீச வேண்டிய இடம். குரவைக்கு இதே வேலைதான், தவளை மட்டும் 3 செ.மீ.

ஒரு விஷயத்தில் நாங்கள் கறார். மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் பந்துபோல் திரண்டு திரண்டு கலையும். அதன் அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். அங்கே எதைப் போட்டாலும் மோதும். பசி காரணமில்லை, காவல். லூர் விற்பவர்களின் காணொளிகளில் இதைத்தான் பெரிய வித்தையாகக் காட்டுகிறார்கள். காவல் மீனைத் தூக்கிவிட்டால் அந்தக் கூட்டம் முழுவதையும் கெளுத்தியும் கொக்கும் தின்றுவிடும். அடுத்த ஆண்டு அந்த வாய்க்காலில் எதைப் பிடிப்பது? குஞ்சைக் கண்டால் இடம் மாறிவிடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். நிறம் தேவையில்லை என்று சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்த பிறகே நிறம். மேட்டூர் திறந்து மூன்று நாள் போலக் கல்லணைக்கு வரும் புதுத் தண்ணீர், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து கடைமடைக்குப் போகும்போது செங்கலங்கலாக இருக்கும். அதில் மீன் கண்ணைவிட அதிர்வையே அதிகம் நம்பி வேட்டையாடுகிறது. அகலத் தகடு சுழலும் ஸ்பின்னர் அல்லது உள்ளே குண்டு கிலுகிலுக்கும் லூர், நிறம் கறுப்பு. கலங்கலில் கீழிருந்து பார்க்கும் மீனுக்குக் கறுப்பின் உருவரைதான் தெளிவாகத் தெரியும், பளபளக்கும் பச்சையோ வெள்ளியோ கரைந்துவிடும். தண்ணீர் தெளிந்த பிறகு பழுப்பு, பாசிப்பச்சை. புது லூர் வாங்க வேண்டியதில்லை. கறுப்பு மார்க்கரும் வெள்ளை நகப்பூச்சும் இருந்தால் முதுகையும் வயிற்றையும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். கட்லா, ரோகுவை லூரால் பிடிக்கப் பார்ப்பது வீண்வேலை. வடக்கிலிருந்து கொண்டுவந்து விட்ட அந்த மீன்களுக்கு மாவுருண்டையே போதும்.

வாளை அருகிவரும் மீன் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். கொள்ளிடத்து மடுக்களில் அந்தி சாய்ந்த பிறகு 10 முதல் 12 செ.மீ. மின்னோ எனும் சிறுமீன் வடிவ லூரை மெதுவாக, அடியை ஒட்டி இழுக்க வேண்டும். அதன் தாடைப் பற்கள் அரம்போல் நரம்பை அறுக்கும் என்பதால் 20 செ.மீ. எஃகுக் கம்பி அவசியம். முள் நுனிக்குக் கீழே உள்ள எதிர்க்கூரைக் குறடால் அமுக்கிவிட்டால் நீரிலிருந்து தூக்காமலே கழற்றி விடலாம். முக்கொம்பிலிருந்து உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவதாக அறிவிப்பு வந்த நாளில் மணல்திட்டுப் பக்கமே போகாதீர்கள்.

கொடுவாதான் உண்மையான பரீட்சை. பழையாறு, முத்துப்பேட்டை, வெட்டாற்று முகம் எங்கே வீசினாலும் பெட்டியோடு வந்த முள்ளும் அதை லூரோடு இணைக்கும் வளையமும் முதலில் கழற்றி எறிய வேண்டியவை. கொடுவாவின் வாய் எலும்புப் பாங்கானது. திரும்பித் துள்ளும் வேகத்தில் மெல்லிய கம்பி விரிந்துவிடும். 9 முதல் 11 செ.மீ. மின்னோவில் டிரெபிள் எனும் மூன்று நுனி முள்ளைத் தடித்த கம்பி வகைக்கு மாற்றுங்கள், வளையத்தையும் சேர்த்தே. அலையாத்தி மூச்சுவேர்களும் ஆளிச் சிப்பியும் நிறைந்த ஓடைகளில் டிரெபிளைவிட ஒற்றை முள் மேல். முன்முள்ளின் நுனி லூரின் மூக்கைப் பார்த்தும், பின்முள்ளின் நுனி மேல் நோக்கியும் இருக்கும்படி மாட்டினால் வேரில் சிக்குவது பாதியாகக் குறையும்.

முள்ளைத் தடிப்பாக்கினால் எடை கூடும், எடை கூடினால் லூரின் நடை மாறும். பலர் தடுக்கி விழும் இடம் இது. இதோடு உப்புக் கணக்கும் சேர்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை விழுக்காடு அடர்த்தி கூடியது. நன்னீரில் மூழ்காமலும் மிதக்காமலும் நிற்கும் 16 கிராம் லூர் கடல்நீரில் மேலெழும்பிவிடும். அதை அங்கே நிறுத்தச் சுமார் 0.4 கிராம் கூட்ட வேண்டும். ரேடியோ பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் 1 மி.மீ. சால்டரிங் ஈயக் கம்பியில் 6 செ.மீ. வெட்டி முன்முள்ளின் தண்டில் இறுக்கிச் சுற்றினால் அந்த எடை வந்துவிடும். ஆனால் இரண்டு முள்ளையும் தடிப்பாக மாற்றும்போது 1 முதல் 2 கிராம் தானாகவே ஏறும். ஆகவே நிற்கும் வகையை அதிக விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. மிதக்கும் வகையை வாங்கித் தடித்த முள்ளைப் போட்டால் அதுவே கழிமுகத்தில் நிற்கும் வகையாகிவிடும்.

வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் 350 கிராம் உப்பைக் கரைத்தால் ஏறத்தாழக் கடல்நீர். 150 கிராம் கரைத்தால் மழை முடிந்த காலத்துக் கழிமுகம் என்று வைத்துக்கொள்ளலாம். லூரை முள், வளையம், கொக்கி எல்லாம் மாட்டியபடி விடுங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்து, மிக மெதுவாக மேலே வந்தால் சரி. வால் தாழ்ந்து மூழ்கினால் பின்முள்ளை ஓர் அளவு குறையுங்கள். அதன் பிறகு வாய்க்கால் ஓரத்தில் நடந்தபடி இழுத்துப் பாருங்கள். வால் ஆடவில்லை என்றால் இன்னும் பாரம் அதிகம் என்று பொருள். வடகிழக்குப் பருவமழையின்போது கழிமுகம் நன்னீராகிவிடுகிறது. கோடையில் முத்துப்பேட்டைக் காயலில் கடலைவிடவும் உப்பு ஏறுவதுண்டு. நவம்பரில் சரியாக நின்ற லூர் மே மாதத்தில் மேலே மேலே வருவதற்கு லூரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

கொடுவா வாயைத் திறந்து இரையை நீரோடு உறிஞ்சும். ஓடிக்கொண்டே இருக்கும் லூரைவிட நின்ற லூரைத்தான் அதிகம் எடுக்கிறது. இரண்டு சிறு வெட்டு, பிறகு 2, 3 வினாடி நிறுத்தம். நிற்கும் கணத்தில்தான் அடிக்கும். செவுள் மூடியின் ஓரம் பிளேடு என்பதால் 50 பவுண்டு தங்கூசி லீடர் 70 செ.மீ. இருக்கட்டும், பின்னல் நரம்பை நேரே கட்டினால் முதல் துள்ளலிலேயே அறும். துள்ளும்போது ராடு நுனியைத் தாழ்த்தி, நரம்பைத் தளரவிடாமல் பிடியுங்கள். இந்த மீன் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும். பெரியவை எல்லாம் பெரும்பாலும் சினை வைக்கிறவை. 5 கிலோவுக்கு மேற்பட்டதை விட்டுவிடுவதே முறை.

பூம்புகார், தரங்கம்பாடிக் கல்கரைகளில் பாரைக்கும் சீலாவுக்கும் 20 முதல் 40 கிராம் உலோக ஜிக் (மூழ்கும் உலோக லூர்) போதும், சீலாவுக்குக் கம்பி. வந்ததும் நன்னீரில் கழுவி நிழலில் உலர்த்தாவிட்டால் அடுத்த வாரம் முள் துருப்பிடித்திருக்கும்.

எங்கே போடலாம் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. ஏரி, குளங்களில் மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலம் எடுத்தவரிடம் கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கோடியக்கரைச் சரணாலய எல்லைக்குள் கூடவே கூடாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவிட்டு வந்தால் நாரையின் காலில் சுற்றும். சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு கோரிக்கை. மேட்டூர் நீர்மட்டத்தையும் நீர்த்திறப்பையும் நாள்தோறும் அச்சிடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே நாகப்பட்டினத்துக் கடல் ஏற்ற, வற்ற நேரங்களையும் போடலாம். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் ஓடையில் நீர் வேகமாக ஓடும் நேரமும் குறைவு. வற்றம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் மடவையும் இறாலும் கிளை ஓடையிலிருந்து வெளியே இறங்குகின்றன, கொடுவா ஓடை முகத்தில் காத்து நிற்கிறது. மேலே எவ்வளவு நன்னீர் வருகிறது, கீழே கடல் எப்போது இழுக்கிறது என்ற இரண்டு கணக்கும் ஒரே பத்தியில் இருந்தால் எந்த லூரில் எவ்வளவு ஈயம் சுற்றுவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடலாம். வலைஞர்களுக்கும் அது பயன்படும்.

இப்படிக்கு,
தூண்டில்காரர்கள் சிலர்,
திருத்துறைப்பூண்டி