முதலில் வலி அடங்கட்டும்

நாகர்கோவில்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. போனில் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ எந்நேரமும் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பாய், அவர் காதில் விழ இதையெல்லாம் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். மாடிப்படியைக் கண்டாலே முழங்கால் முனகுகிறது, சின்னவள் மறுபடியும் வேலை மாறிவிட்டாள். அது கிடக்கட்டும்.

கணையத்திலிருந்து கல்லீரலுக்குப் பரவிவிட்டது, இனி கீமோ தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். இனி குணமாகாது என்றானவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்கிற ஹாஸ்பைஸ் என்று காதில் விழுந்ததுமே அப்பாவைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வருகிற மாதிரி இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அத்தானுக்கு வாய்ப் புற்று முற்றியபோது அக்காவும் இதையேதான் சொல்லி அழுதாள். கடைசியில் அவரை எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை. ஹாஸ்பைஸ்காரர்கள்தான் வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த வீடு இருந்த நிலையை உனக்குச் சொன்னதில்லை. கன்னம் ஓட்டையாகிப் புண்ணிலிருந்து வாடை தெருவாசல் வரை அடிக்கும். ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் கொளுத்திப் பார்த்தோம். எல்லாம் கலந்து இன்னும் மோசமானதுதான் மிச்சம். பேரப்பிள்ளைகள் அறைக்குள் வரமாட்டார்கள். யாராவது வந்தால் அத்தானே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். முதல் தடவை வந்த நர்ஸம்மா பையிலிருந்து மெட்ரோனிடசோல் மாத்திரையை எடுத்தார். வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்களே, அதேதான். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் புண்ணைக் கழுவி, மாத்திரையை மாவாகப் பொடித்துத் தூவி, மேலே துணி வைத்துக் கட்டினார். அடுத்த நாளிலிருந்து அக்காவே கட்டினாள். கொஞ்ச நாளில் வாடை அடங்கிவிட்டது. அப்புறம் சின்னப் பேரன் கட்டிலில் ஏறித் தாத்தாவோடு படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்தான். புற்று என்னவோ அப்படியேதான் இருந்தது. அதற்கு முன்னால் லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்ட ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் இந்த மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் அப்பாவுக்கு இப்போது முதல் வேலை வலிதான். கணைய வலி முதுகுக்குப் பாயும். ராத்திரியெல்லாம் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதனால்தான். மார்ஃபின் மாத்திரை என்று டாக்டர் சொன்னால் பயப்படாதே. போதைக்குப் பழகிவிடுவாரோ என்று உன் தம்பி கேட்பான். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி ஆவது அபூர்வம். வலி வந்த பிறகு தேடக்கூடாது. சாதாரண மார்ஃபின் மாத்திரையென்றால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், அது போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. அதற்கான மருந்தையும் முதல் நாளே எழுதி வாங்கிவிடு. கணையப் புற்றுக்கு நரம்பை மரக்கச் செய்யும் ஊசி ஒன்றும் இருக்கிறது. அவருக்குச் சரிப்படுமா என்று கேட்டுப் பார்.

மார்ஃபின் சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து கடைக்காரர்களும் ஆஸ்பத்திரிகளும் அதை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசாங்க உரிமத்தோடு, மார்ஃபின் எடுக்கிற அபின் விளைகிறது, நம் ஊர் நோயாளி வலியில் துடிக்கிறான்! 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது அங்கீகாரம் வாங்கிய இடங்களில் பதிவேட்டில் எழுதிக்கொண்டு கொடுக்கிறார்கள்.

இந்த மாதிரி கவனிப்பை லண்டனில் 1967இல் தொடங்கிவைத்த சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாக இருந்து பிறகு டாக்டருக்குப் படித்தவர். மும்பையில் 1986இல் சாந்தி அவேதனா சதன் என்ற ஹாஸ்பைஸ் வந்தது. அங்கெல்லாம் நோயாளி போய்த் தங்க வேண்டும். கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் ராஜகோபாலும் மற்றவர்களும் ஆரம்பித்தது வளர்ந்து, கேரளா முழுக்க வீட்டுக்கே வந்து பார்க்கிற வழக்கமாயிற்று. எங்களுக்கு அது எல்லைக்கு அந்தப் பக்கம் என்பதால் கொஞ்சம் முன்பே காதில் விழுந்திருந்தது. இங்கேயும் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கிற ஏற்பாடு உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரி. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் கேள். கடைசி வாரத்தில் கூப்பிடலாம் என்று தள்ளிப்போடாதே, இந்த வாரமே கேள்.

அம்மா கஞ்சியை ஊட்டி ஊட்டிப் பார்க்கிறார், அப்பா துப்புகிறார் என்று எழுதியிருந்தாய். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, ஆனால் நிறுத்தச் சொல். உடம்பு ஓயும்போது பசி அடங்கிவிடும். வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். கடைசி நாட்களில் டிரிப் ஏற்றினாலும் சிலருக்குக் கால் வீங்கி நெஞ்சில் சளிதான் சேரும். அவர் கேட்டால் ஐஸ்கிரீமோ இளநீரோ இரண்டு ஸ்பூன் கொடுங்கள். ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்து உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவும் வேலையை அம்மாவிடம் விடு. அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டுமே. மூச்சு வாங்கினால் டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வை. பாதி ராத்திரியில் நிலைமை மோசமானால் யாரைக் கூப்பிடுவது, ஐசியுவுக்குப் போவதா வேண்டாமா என்பதை இப்போதே, தம்பியையும் வைத்துக்கொண்டு பேசி முடித்துவிடு. அந்த நேரத்தில் பேசினால் சண்டைதான் வரும்.

அப்பாவிடம் சொல்வதா என்று கேட்டிருக்கிறாய். எல்லாரும் மறைக்கத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அத்தானிடம் யாரும் சொல்லவில்லை. டாக்டர்தான் ‘உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேட்டார். அவரால் பேச முடியாது, நோட்டில் ‘ஓணம் வரை தாங்குமா?’ என்று எழுதிக் காட்டினார். அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அவரே பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னார். வரப்புத் தகராறில் பேச்சே இல்லாமலிருந்த தன் தம்பியை வரச்சொல்லி எழுதினார். வந்தவர் ஒரு சாயங்காலம் முழுக்க ரப்பர் ஷீட் விலையைப் பற்றித்தான் பேசினார். அத்தான் நோட்டில் விலை எழுதித் தகராறு பண்ணினார். வரப்பைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. உன் அப்பா கேட்டால் பொய் சொல்லாதே. கேட்காவிட்டால் நீயாகப் போய்க் கொட்டவும் வேண்டாம். எவ்வளவு தெரிந்துகொள்ள நினைக்கிறார் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லு.

அத்தான் ஓணம் தாண்டி தீபாவளி வரை இருந்தார். அதற்குப் பிறகும் அந்த நர்ஸம்மா அக்காவைப் பார்க்க வந்து போனார்.

ஏட்டி, நீ தூங்குகிறாயா? ராத்திரி முறையை ஒரு நாளாவது தம்பியிடம் கொடு. ஆண்பிள்ளை, அவனுக்குத் தெரியாது என்று அம்மா சொன்னால் கேட்காதே. பொங்கலுக்கு முன்னால் நான் ஒரு வாரம் வந்து இருக்கலாம் என்று பார்க்கிறேன். உனக்குச் சரி என்றால் டிக்கெட் போடுகிறேன். மேல்பர்த் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உன் சாந்தா