டைனமோவைக் கழற்றி எறியும் முன் எர்த் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார் வைத்திருக்கும் மலையகக் குடும்பங்களுக்காகவும், கராஜ்களில் வேலை பழகும் நம் பிள்ளைகளுக்காகவும், எஞ்சின் ஓடும்போது பெட்டரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோவைப் பற்றி இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். முழுவதையும் போட இடமில்லை என்றால் நடுவில் உள்ள சோதனை முறையையாவது போடுங்கள், அதுவே போதும்.

எங்கள் வீட்டில் 1959ஆம் வருட மொரிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. அப்பா தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த காலத்தில், துரை ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போன காரை வாங்கினார். அம்மாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அதில்தான், அப்பாவின் கடைசிப் பயணமும் அதில்தான். 2022இல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோமே, அப்போது கொட்டகையில் நிறுத்தியது அப்படியே நின்றுவிட்டது. அதற்கு முன்பே புகை தள்ளிக்கொண்டு இருந்தது. புதுக் கார் வாங்கலாம் என்றால், 2020 மார்ச்சில் மூடிய இறக்குமதி கிட்டத்தட்ட ஐந்து வருடம் கழித்து 2025இல்தான் திறந்தது, திறந்த பிறகும் விலை நமக்கு எட்டுகிற விலை இல்லை. சரி, இருக்கிற எஞ்சினை இறக்கிச் செய்வோம் என்று நானும் என் தங்கை மகனும் இறங்கினோம். அவன் மோட்டார் மெக்கானிக் பயிற்சியில் என்.வி.கியூ 3 தொழில் தகைமை முடித்த பையன், கை சுத்தமான கை.

எஞ்சின் வேலையில் எங்களுக்குப் பெரிய கஷ்டம் வரவில்லை. அந்த 948 சிசி எஞ்சினின் வம்சம் 1951இல் தொடங்கி 2000 வரை ஏதாவது ஒரு காருக்காகச் செய்யப்பட்டுக்கொண்டே இருந்தது, அதனால் ரிங், பெயரிங், கேஸ்கட் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் இரண்டு நாள் அலைந்ததில் கிடைத்தன. ஹெட் நட்டுகளை 40 இறாத்தல்-அடி வரை வரிசை மாறாமல் இறுக்கி, வால்வு இடைவெளி 0.012 அங்குலம் வைத்து, எஞ்சின் வெளியே இருந்த சமயம் பார்த்து போனட்டுக்குள் எஞ்சின் உட்காரும் இடம் முழுவதையும் துரு சுரண்டி இரண்டு கோட் பெயின்ட் அடித்தோம். இந்தப் பெயின்ட்டை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் போட்டதும் இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. ஆனால் பெட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று காட்டும், டேஷ்போர்டில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. பெட்டரியில் மீட்டர் வைத்தால் எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட், அதுவும் மெல்ல மெல்ல இறங்குகிறது. ஃபேன் பெல்ட்டை நடுவில் அமுக்கினால் அரை அங்குலம்தான் இறங்கியது, அதில் குறை இல்லை. மருமகன் பயிற்சி பெற்ற இடத்தில், டைனமோவுக்குப் பதிலாக இன்றைய கார்களில் இருக்கும் ஒல்டர்னேட்டர் மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், டைனமோவை அவன் முதல்முதலாகப் பார்ப்பதே எங்கள் காரில்தான். எனக்கும் அப்பா ஓட்டியது தெரியும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

நுவரெலியாவில் ஒரு கராஜுக்குக் கொண்டு போனோம். டைனமோ போய்விட்டது, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜப்பான் ஒல்டர்னேட்டர் ஒன்றைப் போடலாம் என்றார்கள். அதற்கு முன் ஒரு தடவை பார்ப்போமே என்று டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டி புதிதாக ஒன்றையும் எங்கள் செலவில் மாட்டினார்கள், அதிலும் மாற்றம் இல்லை. கடைசியில் எக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்துக்கொண்டே இருந்தபோது சிவப்பு விளக்கு அணைந்தது. சரியாகிவிட்டது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். விளக்கின் பல்ப் கருகிப் போனதால்தான் அது அணைந்தது என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

பின்னேரம் ஐந்தரைக்கு நுவரெலியாவை விட்டோம். நானுஓயா தாண்டும்போதே மூடுபனி. ஹெட்லைட், வைப்பர் இரண்டையும் போட்டு, கொழுந்து லொறி ஒன்றின் பின்னால் ஊர்ந்துகொண்டு தலவாக்கலை வந்து சேரும்போது வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. டெவன் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் வளைவில் வைத்து எஞ்சின் நின்றது. இந்தக் காரில் பெட்டரி இறங்கினால் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயிலுக்கும் கரண்ட் இல்லை, அதோடு எல்லாம் முடிந்தது. ஒரு பக்கம் பள்ளம், விளக்கு இல்லை, பின்னால் பஸ் வருகிற சத்தம். மருமகன் போனில் டோர்ச்சைப் போட்டுக்கொண்டு வளைவுக்குப் பின்னால் ஓடிப் போய் நின்று பஸ்ஸை மறித்தான். அந்த ராத்திரியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. ‘ஒரு சின்ன விளக்குதானே’ என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அப்புறம்தான் நோர்வூட் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவரிடம் போனோம். ஒரு தேயிலை பெக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் எலக்ட்ரீஷியனாக இருந்தவர், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கண் கொஞ்சம் மங்கல், ஆனால் கேட்டதும் கிளம்பி வந்தார். பெட்டரியைச் சார்ஜ் பண்ணி, கருகின பல்ப்பை மாற்றி வைத்திருந்தோம். வந்தவர் போனட்டைத் திறக்கவே சொல்லவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, மருமகனை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, அந்தச் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“தம்பி, மெதுவா மிதி. இன்னும் கொஞ்சம். பார், இப்ப மங்குது.”

“ஆமா ஐயா, அணைஞ்சிருச்சு!”

“காலை எடுக்காத, இன்னும் மிதி. இப்ப என்ன ஆகுது?”

“திரும்ப எரியுது ஐயா. முன்னைவிடப் பிரகாசமா எரியுது.”

“செத்துப்போன டைனமோ விளக்கை இப்படி எரிய வைக்குமாடா? டைனமோ நல்லா இருக்கு. அது கொடுக்கிறதை வாங்கத்தான் வழி அடைபட்டுக் கிடக்கு.”

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அந்த விளக்குக்கு ஒரு பக்கம் சாவி வழியாகப் பெட்டரியிலிருந்து வருகிறது, மறுபக்கம் டைனமோவிலிருந்து வருகிறது. டைனமோ சுற்றாதபோது பெட்டரிப் பக்கம் அழுத்தம் அதிகம், விளக்கு எரியும். இரண்டு பக்கமும் சமமானால் அணையும். ஒழுங்கான காரில் அந்த நேரத்தில் ரெகுலேட்டர் பெட்டிக்குள் இருக்கும் கட் அவுட் என்ற தானியங்கிச் சுவிட்ச் மூடி, டைனமோவையும் பெட்டரியையும் இணைத்துவிடும், பிறகு விளக்கு அணைந்தபடியே இருக்கும். இணைக்காவிட்டால் டைனமோ தன் பாட்டுக்குப் பெட்டரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும், விளக்கு இப்போது மறுபக்கத்திலிருந்து எரியும். நுவரெலியாவில் பல்ப் கருகியதும் இதனால்தான்.

அதன் பிறகும் அவர் ஊகத்தோடு நிறுத்தவில்லை, மீட்டர் வைத்து நிரூபித்தார். டைனமோவின் பின்னால் இரண்டு முனை உண்டு, பெரியது டி, சின்னது எஃப். இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனையையும் ஒரு வெறும் செம்புக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். மீட்டரின் ஒரு கம்பியை அதில் வைத்து, மற்றதை டைனமோவின் உடம்பில் வைத்து, எஞ்சினை ஐட்லிங்கிலிருந்து மெதுவாக ஏற்றச் சொன்னார். வோல்ட் விட்டு விட்டு ஏறாமல் சீராக ஏறி 20 வரை வர வேண்டும், அதற்கு மேல் மிதிக்கவே கூடாது. எங்களுடையது அப்படியே ஏறியது. ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ் தொடவில்லை அல்லது தேய்ந்துவிட்டது, 1 வோல்ட் அளவில் நின்றுவிட்டால் டைனமோவுக்குள் அசையாமல் நிற்கும் ஃபீல்ட் கொயிலில் கோளாறு, 4 அல்லது 5 வோல்ட்டில் நின்றால் உள்ளே சுற்றும் ஆர்மேச்சரைச் சந்தேகப்பட வேண்டும் என்றார். நாற்பது வருடத்துக்கு முன் கற்றதை அவர் வாய் தடுமாறாமல் சொன்னதும், மருமகன் பக்கத்தில் குந்தியிருந்து தன் போனில் தட்டித் தட்டி எழுதிக்கொண்டதும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மீட்டரில் கழித்தல் குறி வந்ததைப் பார்த்துப் பையன் பயந்தான். இந்தக் கார்களில் பெட்டரியின் பிளஸ்தான் பொடியில், அதாவது காரின் தகட்டு உடம்பில், இணைந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர். புதுப் பெட்டரி வாங்கும்போது கடைக்காரர் பழக்கத்தில் மைனஸைப் பொடிக்குக் கொடுத்துவிட்டால், டைனமோவும் பெட்டரியும் ஒன்றையொன்று எதிர்த்து கட் அவுட்டின் பொயின்ட் கருகிவிடும். பெட்டரியின் திசையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எஃப் வயரைக் கழற்றிவிட்டு, பெட்டரியின் பொடியில் சேராத முனையிலிருந்து ஒரு வயரை எஃப் முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்து, டைனமோவுக்குப் புதுத் திசையைப் பழக்கிவிட வேண்டும்.

இப்போது எங்கள் காரின் நோய்க்கு வருகிறேன். ரெகுலேட்டரில் ஈ என்று ஒரு முனை இருக்கிறது, அதிலிருந்து கறுப்பு வயர் ஒன்று பொடிக்குப் போகும். கட் அவுட்டை இழுக்கும் கொயிலும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கொயிலும் அந்த வயர் வழியாகத்தான் எர்த்துக்கு, அதாவது பொடிக்கு, போகின்றன. பெரியவர் ஒரு டெஸ்ட் பல்ப்பின் ஒரு கம்பியை எப்போதும் பெட்டரியோடு இருக்கும் ஏ முனையிலும் மற்றதை ஈ முனையிலும் வைத்தார். எரிய வேண்டும், எரியவில்லை. அதே கம்பியை ஈயிலிருந்து எடுத்து எஞ்சினில் வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. “எர்த் பிடிக்கல, அவ்வளவுதான்” என்றார்.

கறுப்பு வயரின் வளையத்தை நாங்கள் எங்கே மாட்டியிருந்தோம் என்றால், அந்த இரண்டு கோட் பெயின்ட்டின் மேலே. ஸ்குரூவின் புரிக்குள்ளும் பெயின்ட் இறங்கி இருந்தது. வெளியே பார்த்தால் இறுக்கமாக, அழகாக, புதுசாக இருந்தது. வளையம் உட்காரும் இடத்தைச் சுரண்டி, வெள்ளைத் தகடு தெரியும்வரை மணல்தாள் போட்டு, பல்லுள்ள வொஷர் ஒன்றை வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினோம். நம் மலைக் காற்றின் ஈரத்துக்கு அந்த வாஸ்லின் கட்டாயம் வேண்டும். ஸ்டார்ட் பண்ணினோம். கால் வைத்த வேகத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது, எவ்வளவு மிதித்தும் திரும்ப வரவில்லை, பெட்டரியில் 14 வோல்ட்டைத் தாண்டி நின்றது. இரண்டு கராஜ் நாள், ஒரு புது ரெகுலேட்டர், ஒரு ராத்திரி நடுரோட்டில், எல்லாம் ஒரு நகக்கண் அளவு பெயின்ட்டுக்காக.

ஒல்டர்னேட்டர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எங்கள் டைனமோ அதிகபட்சம் 20 அம்பியர் அளவில்தான் கொடுக்கும், ஐட்லிங்கில் ஒன்றுமே கொடுக்காது. மூடுபனியில் லொறிக்குப் பின்னால் ஊர்கிறவர்களுக்கு, தினமும் இரவில் ஓடுகிறவர்களுக்கு ஒல்டர்னேட்டர் நல்லதுதான். ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டு மாற்றட்டும். எங்கள் காரில் ஒல்டர்னேட்டரைப் போட்டிருந்தால் பெட்டரியைத் திருப்பி, கொயில் வயரை மாற்றி, பழைய வயர்க் கட்டான ஹார்னஸை வெட்டி, அத்தனைக்கும் காசு கொடுத்திருப்போம், அறுபது வருடம் ஓடின நல்ல டைனமோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். இந்தக் காரின் கைநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. நம் பையன்கள் கொழும்புக்கோ கண்டிக்கோ போய் பாஸ்மாரிடம், அதாவது கைதேர்ந்த மெக்கானிக்குகளிடம், சிங்களத்தில் வேலை பழகுகிறார்கள். படித்தது தமிழில். மூன்றுக்கும் நடுவில், ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற விளக்கம் எங்கோ விழுந்துவிடுகிறது, கழற்றி மாட்டுவது மட்டும் கையில் தங்குகிறது. அதே நேரத்தில் பெக்டரி எஞ்சின் ரூம்களில் வேலை செய்து, டைனமோவின் சத்தத்தை வைத்தே குறை சொல்லக்கூடியவர்கள் ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் பண்டாரவளைப் பக்கத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். யாரும் போய்க் கேட்பதில்லை. பரீட்சை வழிகாட்டிக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறீர்கள், அது வேண்டியதுதான், அதில் வாரம் அரைப் பக்கம் இந்தக் கைவேலைக்குக் கொடுங்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்ப என் மருமகனைப் போன்ற பையன்கள் தயாராக இருக்கிறார்கள். முதல் வாரத்துக்கு எங்களுடையதையே எடுத்துக்கொள்ளலாம்.

பெரியவர் சொன்ன சோதனைகளை அவர் சொன்ன வரிசையிலேயே மருமகன் ஒரு தாளில் எழுதி, டைனமோவின் இரண்டு முனையையும் படமாக வரைந்திருக்கிறான். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அனுப்பும் முன் பெரியவருக்கு வாசித்துக் காட்டினோம். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார். ‘கறுப்பு வயரைப் பொடியில் மாட்டவும்’ என்று இருந்ததை, ‘பெயின்ட் சுரண்டிய தகட்டில் மாட்டவும்’ என்று மாற்றி எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை அலுவலர்,
டிக்கோயா.