தினம் தெளிக்கும் தண்ணீர் வேருக்குப் போவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வட மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் மழை குறைவது வழக்கம்தான். பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோவும் சேர்ந்துகொண்டால் ஏப்ரல்கூடக் காய்கிறது; 1998 ஏப்ரல் 9-இல் பக்கத்துப் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. இப்படிக் காயும் மாதங்களில் பலர் மாலைதோறும் ஐந்து நிமிடம் குழாயைப் பிடித்து மரத்தடியை நனைத்துவிட்டுப் போகிறார்கள். மேல்மண் இரண்டு அங்குலம் நனைந்து, மறுநாள் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஈரத்தைத் தேடி மேலே வந்த சல்லிவேர்களும் அதோடு கருகிவிடும்.

வாரம் ஒருமுறை போதும், ஆனால் ஆழமாக இறங்க வேண்டும். நீர் உறிஞ்சும் வேர்கள் தண்டை ஒட்டி அதிகம் இல்லை. கிளைகளின் விளிம்புக்கு நேர்கீழேயும் அதைத் தாண்டியும் பரவியிருக்கின்றன. இளம் மாமரத்துக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள் இரண்டை நன்றாகக் கழுவி, அடியில் ஆணியால் இரண்டு துளை போட்டு, அந்த விளிம்பில் வைத்து நிரப்புங்கள். இறுகிய செம்மண்ணிலும் தண்ணீர் வழிந்தோடாமல் மெல்ல இறங்கும். மறுநாள் இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். ஓரடி சுலபமாக இறங்க வேண்டும். தண்ணீர் பற்றாக்குறை என்றால், நட்டு இரண்டு ஆண்டு ஆகாத கன்றுகளுக்கே முதலிடம். அரிசி கழுவிய நீரும் ஆகும். சவர்க்கார நீர் வேண்டாம்.

மண்ணை மூட, செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெற்றுக் குலைகளை ஒரே அடுக்காக, தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் பரப்பலாம். குவித்து வைத்தால் மக்கும் குவியலில் காண்டாமிருக வண்டு பெருகி, பக்கத்துத் தென்னையின் குருத்தைத் துளைத்துவிடும்.

கோயில் நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். வேம்பையும் அரசையும் சுற்றி அடிமரம் வரை சிமெண்டு பூசாதீர்கள். பூசியிருந்தால், வேரை வெட்டாமல், சுற்றிலும் ஒரு மீட்டராவது பெயர்த்துவிடுங்கள். குப்பையை அங்கே கொளுத்துவதும் கூடாது. பட்டைக்கு அடியிலுள்ள உயிர்த்திசு வெந்துபோகும்.

இலை கொட்டியதும் "பட்டுப்போச்சு" என்று வெட்டவும் வேண்டாம். நீரை மிச்சப்படுத்தவே மரம் இலையை உதிர்க்கிறது. சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்த நேரத்தில் உரம் போட்டால் அதன் உப்பு வேரிலிருந்தே நீரை இழுத்துவிடும். பச்சைக் கிளைகளைக் கழித்தால் நிழலிலேயே இருந்த பட்டை வெயில் பட்டு வெடிக்கும். மழை பிடித்து, புதுத்தளிர் முற்றிய பிறகு உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம். உண்மையிலேயே பட்டுப்போன கிளைகளை மட்டும் முதல் மழைக்காற்றுக்கு முன்பே இறக்கிவிடுங்கள்.

வாசகர்,
பீடோங், கெடா