தம்பிக்கு: சான்றிதழை விடாதே, சம்பளத்தைக் கேள்

தம்பி,

அமெரிக்காவின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டில் நீ மருத்துவப் படையாளாக இருப்பதற்கு வேண்டிய அவசர வைத்தியச் சான்றிதழை மார்ச் 31க்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று நீ அனுப்பிய குரல்செய்தியைப் பள்ளிக்கூட இடைவேளையில் கேட்டேன். கடைசியில் "அக்கா, நீ அன்றைக்குச் சொன்னதுதான் சரி" என்று வேறு சொல்லியிருக்கிறாய். நான் சொன்னது அதுவல்ல. அம்மாவின் இரண்டாவது திவசத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் இதைப் போனில் கதைத்தால் இரண்டு பேரும் அழுவதோடு முடிந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். வெளிநாட்டில் பகுதிநேரமாகப் படையில் சேர்ந்த பிள்ளைகள் உள்ள வீடு நம்முடையது மட்டுமாக இருக்காது, அவர்களும் வாசிக்கட்டும்.

உன் சீருடையைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போவதென்றாலே கோட்டைக்குள்ளே ஆமிக்காரரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற ஊர் இது. "மகன் ஆமியிலா?" என்று யாராவது கேட்டால் அம்மா "அவன் காயத்துக்குக் கட்டுப் போடுறவன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவார். நானும் அவ்வளவோடு நிறுத்துகிறேன்.

அம்மாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு நீ பெட்டி கட்டியபோது, "சம்பளம் தராத பயிற்சிக்காக அம்மாவின் அந்தியேட்டியை விட்டுவிட்டுப் போகிறாயா?" என்று கேட்டேன். சனம் நிறைந்த வீட்டில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். அதற்காக வருந்துகிறேன், மன்னித்துக்கொள். ஆனால் வேறு எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. 31ஆம் நாள் அந்தியேட்டியன்று கன்னியாவில், இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று நாம் சொல்லும் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குப் பக்கத்தில், உனக்குப் பதிலாகப் பெரியப்பாவின் மகன் தர்ப்பை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவம், மந்திரத்தைத் திருப்பிச் சொல்லத் தெரியாமல் தடுமாறினான். கொள்ளி வைத்த பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்கு நான்தான் பதில் சொன்னேன். கன்னியாவைப் பற்றிச் சொல்ல வேறு கதைகளும் உண்டு, இங்கே வேண்டாம்.

நீ அந்தச் சான்றிதழை விடப் போகிறாய் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது கன்னியா இல்லை, நிலாவெளி வீதி. அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ குனிந்தபடி இருந்தாய், உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்.

அலஸ்தோட்டத்துக்கு இப்பால், பின்னேரம். நாம் மூன்று பேரும் ஓட்டோவில் வந்துகொண்டிருந்தோம். மோட்டார் சைக்கிளில் வந்தவர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் அடிபட்டு விழுந்து கிடக்கிறார். முழங்காலுக்குக் கீழே சதை திறந்திருக்கிறது, இரத்தம் கசியவில்லை, விட்டு விட்டுப் பீறிடுகிறது. ஒருவர் அவருடைய தலையில் தண்ணீர் ஊற்றுகிறார், ஒருவர் அம்புலன்சுக்காக 1990க்கு அடிக்கிறார், மற்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நீ என் துப்பட்டாவைக் கேட்காமலே இழுத்து, மூன்று விரல் அகலத்துக்கு மடித்து, தொடையில் சுற்றி முடிந்தாய். ஓட்டோக்காரரின் ஸ்பேனரை முடிச்சின் மேல் வைத்து, அதற்கு மேல் இன்னொரு முடிச்சுப் போட்டுத் திருகத் தொடங்கினாய். அந்த மனிதர் போட்ட சத்தம்! "தம்பி விடு, கால் போயிடும்" என்று யாரோ உன் தோளைப் பிடித்து இழுத்தார். நீ திரும்பியும் பார்க்காமல் இன்னும் ஒரு திருகு திருகினாய். குழாயை மூடியது போல இரத்தம் நின்றது. பிறகு "அக்கா, எத்தனை மணி?" என்றாய். 5.40 என்றேன். பேனாவை வாங்கி அவருடைய நெற்றியில் அதை எழுதினாய், வியர்வையில் மை பிடிக்கவில்லை. அம்மா குனிந்து சேலைத் தலைப்பால் அவருடைய நெற்றியை ஒற்றிவிட, திரும்பவும் எழுதினாய்.

இரவு சாப்பிடும்போது அம்மா கேட்டார், நேரத்தை ஏன் எழுதினாய் என்று. இப்படி இறுக்கிய கட்டு எப்போது போட்டது என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும், இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டினால் காலுக்கே ஆபத்து கூடிக்கொண்டு போகும் என்றாய். கை கால் காயத்தில் இரத்தம் போய்ச் சாகிறவர்களைத்தான் போர்க்களத்தில் காப்பாற்றியிருக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள், அதனால் எங்களுக்கு மூச்சுக்கு முன்னாலேயே இரத்தத்தைப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள் என்றாய். அவ்வளவு நேரம் நீ எங்களோடு உன் வேலையைப் பற்றிக் கதைத்ததே இல்லை. நீ போன பிறகு அந்த மனிதர் ஊன்றுகோலோடு வந்து ஒரு பெரிய பாரை மீனைத் தந்துவிட்டுப் போனார். அம்மா அதை ஊருக்கெல்லாம் சொன்னார்.

படை மருத்துவப் பயிற்சிக்காகச் சான் அன்ரோனியோவில் எப்போதோ படித்த படிப்பு மட்டும் அந்தக் கையை அப்படி வேலை செய்ய வைக்கவில்லை. நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கிற பயிற்சிகூடச் சில மாதத்திலேயே கையை விட்டுப் போகத் தொடங்கும், அதனால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதைக் கட்டாயமாக்கியது சரி. இரண்டு வருடத்துக்கு 40 மணித்தியாலத் தொடர்கல்வி, அதற்கு மேல் வருடா வருடம் செய்துகாட்டுகிற சோதனை, இதெல்லாம் வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் யாருடைய நேரத்தில்? மாதத்தில் ஒரு வாரஇறுதி, வருடத்தில் இரண்டு கிழமை என்று சொல்லித்தான் நேஷனல் கார்டில் ஆள் சேர்க்கிறார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு. உன் பிரிவில் அந்த நாட்கள் சாமான் எண்ணுவதிலும் மற்றவர்களின் தடுப்பூசிப் பட்டியலைச் சரிபார்ப்பதிலும் போய்விட, உன் மணித்தியாலங்களை நீ வேலை விட்டு வந்து இரவில் கணினிக்கு முன்னால் இருந்து முடிக்கிறாய். அதற்குக் கிடைப்பது மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு புள்ளி மட்டும், அதுவும் 60 வயதில் வரப்போகும் பென்ஷன் கணக்குக்கு. முடிக்காவிட்டால் மருத்துவப் படையாள் என்ற தகுதியே போய்விடும். இங்கே எங்களுக்குச் செமினார் வைத்தால் கடமை லீவு தருகிறார்கள், தம்பி. பணக்கார நாடு என்று நீ போனது அங்கே.

உன் சனி இரவு எங்களுக்கு ஞாயிறு காலை. நீ எடுப்பாய் என்று அம்மா போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கத்தரிக்காய் நறுக்குவார். நீ எடுக்காவிட்டால் "கிளாஸ் போலக் கிடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அந்தக் காலைகளுக்கு யார் உனக்குச் சம்பளம் தந்தது? நீயாவது கேட்டாயா? சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான், கொடுத்தால் வாங்குவாய், கொடுக்காவிட்டால் எழும்பிப் போய்விடுவாய், வாய் திறந்து கேட்கவே மாட்டாய். அது உனக்குப் பெருமை. அந்தப் பெருமையின் செலவு இந்த வீட்டின் தலையில்தான் விழுந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

கோபத்தில்தான் தேடிப் படிக்கவும் தொடங்கினேன். அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 37ஆம் தலைப்பு, 206ஆம் பிரிவு. பகுதிநேரப் படையினருக்கு அஞ்சல்வழிப் படிப்புக்குச் சம்பளம் இல்லை என்று சொல்வது அதுதான். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. பிரிவின் தயார்நிலைக்காகச் செய்யச் சொன்ன பயிற்சியை இணையவழியில் முடித்தால் அதற்குப் பணம் கொடுக்க இடமுண்டு. கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லைத்தான். ஆனால் சட்டம் கதவைப் பூட்டவில்லை, உங்கள் ஆட்கள் யாரும் போய்த் தட்டவில்லை. நீ சொல்லாமல் விலகினால் உன் இடத்துக்கு வருகிற பிள்ளையும் இதே போல இரவில் இருந்து முடிப்பான், அவனுடைய அம்மாவும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு நான் போகாதே என்று சொல்லவில்லை. சம்பளம் தராத பயிற்சிக்கா என்றுதான் கேட்டேன். என் கோபம் முழுவதும் அந்தச் சம்பளத்தில்தான் இருந்தது. நீ அதை வைத்தியத்தையே விடச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, இரண்டு வருடம் மனதில் வைத்திருந்து, இப்போது என் பேரில் விடப் போகிறாய். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இந்த முறை மிச்ச மணித்தியாலங்களை முடி. முடித்ததும், எந்த நாள், எத்தனை மணித்தியாலம், எந்தப் பாடம் என்று எழுதி, உன் மேலதிகாரிக்குக் கடிதமாகக் கொடு. வாயால் சொல்லாதே. பணம் தர முடியாது என்றால், அடுத்த சுற்றிலிருந்து அந்தப் பாடங்களைச் சம்பளம் உள்ள வாரஇறுதிக்குள் வைக்கச் சொல். உன்னோடு இருக்கும் மற்ற மருத்துவப் படையாட்களும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அதற்கும் அவர்கள் மாட்டோம் என்றால், அப்போது விடு, நானே விடச் சொல்கிறேன்.

கொடுத்த கடிதத்தின் பிரதியை எனக்கு அனுப்பு. போன் எடுக்காதே, போனில் "சரி அக்கா" என்று சொல்லிவிட்டு நீ ஒன்றும் செய்ய மாட்டாய்.

அக்கா